குடும்ப ஆவணங்களின் வழி ஒரு வாழ்க்கை வரலாறு: மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனும் அவர்தம் தமிழ் உடனுழைப்பாளர்களும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழுக்கு அறிவியல் வந்து சேர்ந்த வரலாற்றை எழுதுவோர் அனைவரும் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. தமிழில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தவர் என்றும், 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர் என்றும் அவர் போற்றப்படுகிறார். ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூல் அவரைத் தமிழ் வாசகர்க்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. ஆயினும், அவரைப் பற்றி நாம் அறிந்துள்ள செய்திகள் எத்தகைய சான்றுகளிலிருந்து கிடைத்தன, அச்சான்றுகள் யாரால் எந்நோக்கத்தில் பாதுகாக்கப்பட்டன என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

கிறீனைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி அவருடைய குடும்பத்தார் பேணிய கடிதங்களிலிருந்து பெறப்பட்டது. ஒரு குடும்பம் தன் முன்னோர் ஒருவரின் நினைவைக் காக்கத் தொகுத்த ஆவணமே இன்று தமிழ் மொழி வரலாற்றுக்கும் மூல ஆவணமாக விளங்குகிறது. அக்குடும்ப ஆவணங்கள் எவற்றைத் தெளிவாக்குகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை ஆராய்வதும், அவர் பெயருக்குப் பின்னால் நின்ற தமிழர்களை அடையாளங்காண்பதற்குரிய வழிகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோரைப் பதிவு செய்யும் மரபுகள்

முன்னோரை நினைவிற்கொள்ளும் முறை இனந்தோறும் வேறுபடும். நம் நாட்டில் நீத்தார் கடன் செய்வோர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனும் மூன்று தலைமுறையினரின் பெயரைச் சொல்லி நீர் விடுகின்றனர். அதற்கு மேற்பட்டோர் கோத்திரம் என்னும் பொதுப்பெயருள் அடங்கிவிடுகின்றனர். மன்னர்கள் அக்ரஹாரம் அமைத்து வழங்கிய செப்பேடுகளில் இந்நினைவு சற்று விரிவு பெறுகிறது. மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தொகுத்து பி. லூயிஸ் ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளைப் புரட்டுவோர், கொடையில் பங்கு பெற்ற ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், கோத்திரம், சூத்திரம் ஆகியவை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். பங்குநிலத்தின் உரிமையை நிலைநாட்டவே இப்பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஒருவர் என்ன செய்தார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அவை கூறுவதில்லை.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இதினின்றும் வேறான ஒரு மரபு வளர்ந்தது. ஊர்தோறும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஊர்ச்சபைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தனர். வீட்டு வேதாகமத்தின் வெற்றுத்தாள்களில் குழந்தைகளின் பிறந்தநாளைக் குறித்தனர். மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1841 முதல் இப்பதிவுகளை மாநில அளவில் தொகுக்கத் தொடங்கியது. குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதிவந்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850இல் வீட்டிலுள்ள கட்டற்ற குடிமக்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதத் தொடங்கியது. இவற்றின் துணையால் குடும்பத்தார் தம் வமிச வரலாற்றை நூலாக அச்சிடும் வழக்கமும் அந்நூற்றாண்டில் பரவியது. மால்டன் என்னும் ஊரில் குடியேறிய தாமஸ் கிறீனின் வழிவந்தோரைப் பற்றிய வமிச நூல் 1858இல் அச்சேறியது. நம் ஆய்வுக்குரிய சாமுவேல் கிறீன் இவ்வழியில் தோன்றியவரே.

அக்ரஹாரச் செப்பேட்டுக்கும் நியூ இங்கிலாந்து வமிச நூலுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. செப்பேடு உரிமையைக் காக்கிறது; வமிச நூலும் கடிதத் தொகுப்பும் தனிமனிதரின் செயலைக் காக்கின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கிறீன் குடும்பத்தின் ஆவணங்களை நோக்கலாம்.

கிறீன்ஹில் குடும்பம்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரை அடுத்த கிறீன்ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தார். தந்தையார் வில்லியம் எலிஜா கிறீன் வழக்கறிஞர். பாட்டனார் ஜான் கிறீன் வூஸ்டரில் மருத்துவர். அவர்தம் தந்தையார் தாமஸ் கிறீன் லெஸ்டர் என்னும் ஊரில் மருத்துவர். மருத்துவம் இக்குடும்பத்தில் தலைமுறைத் தொழிலாக வந்தது என்பது இதனால் புலனாகும்.

சாமுவேலுக்கு இரண்டு ஆண்டு மூத்தவர் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் ஆவார். நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவை உருவாக்கிய ஆணையத்தில் முதன்மைப் பங்கேற்றவர். 1871இல் நகர நிதிக் கட்டுப்பாட்டாளராகப் பொறுப்பேற்று, ட்வீட் குழுவினரின் சூறையாடலால் நலிந்த கருவூலத்தைச் சீர்செய்தவர். 1898இல் புரூக்லின் முதலிய பகுதிகள் இணைந்து பெருநியூயார்க் உருவாகக் காரணமானவர். 1903 நவம்பரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். குடும்ப நிலமான கிறீன்ஹில்லை அவர்தம் வாரிசுகள் 1905இல் வூஸ்டர் நகருக்கு வழங்க, அது பொதுப்பூங்காவாயிற்று.

மூத்தவர் வரலாற்றை நியூயார்க் நகரின் அரசாங்கக் குறிப்பேடுகளிலிருந்தே எழுதிவிட முடியும். இளையவர் வரலாறு அத்தகையதன்று. அவர் வாழ்நாளின் பயனுள்ள பகுதி கடலுக்கு அப்பால், அவருடைய நாட்டின் அரசு எந்தப் பதிவும் வைத்திராத ஒரு தீபகற்பத்தில் கழிந்தது. அவரை அறிய இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கத்துக்கு அவர் எழுதிய அறிக்கைகள். அச்சங்கத்தின் ஆவணங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. மற்றொன்று, வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்கள்.

கிறீன் 1884 மே 28ஆம் நாள் மறைந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1891இல், எபினேசர் கட்லர் என்னும் சமய போதகர் அக்கடிதங்களைத் தொகுத்து ‘கிறீன்ஹில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்வும் கடிதங்களும்’ எனும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக்கினார். அந்நூல் விற்பனைக்காக அச்சிடப்பட்டதன்று. குடும்ப நண்பர்களுக்காக அச்சிடப்பட்டது என்னும் குறிப்பு அதன் முகப்பிலேயே இடம்பெற்றுள்ளது. தமிழில் கிறீனைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நேராகவோ வழிவழியாகவோ இந்நூலைச் சார்ந்தவையே.

கடிதங்களும் கால அடைவும்

கடிதங்களின் தலையாய பயன் கால அடைவைத் துல்லியமாக்குவதாகும். ஒவ்வொரு கடிதத்திலும் இடமும் நாளும் குறிக்கப்பட்டிருப்பதால், வாழ்க்கையின் திருப்பங்களை ஆண்டும் திங்களுமாக அறியமுடிகிறது. அவ்வகையில் பெறப்படும் வரலாற்றைச் சுருக்கமாகக் காணலாம்.

கிறீன் 1845இல் நியூயார்க்கின் மருத்துவர் அறுவையர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1847இல் கப்பலேறி அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் அடைந்தார். அங்கு அமெரிக்க மருத்துவப் பணி அவருக்கு முன்னரே வேர்விட்டிருந்தது. மருத்துவர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் தொடங்கிய பணியை அவர் 1836இல் சென்னைக்குச் சென்றபின் மருத்துவர் நாதன் வார்டு வட்டுக்கோட்டையிலிருந்து தொடர்ந்தார். கிறீனும் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அவ்வாண்டிலேயே மருத்துவ மாணவர் சிலரைக் கொண்டு வகுப்பும் தொடங்கினார். இன்று கிறீன் நினைவு மருத்துவமனை எனப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அதுவேயாகும். ஏறத்தாழப் பத்தாண்டுப் பணிக்குப் பின் விடுப்பில் தாயகம் சென்றார். 1862இல் மார்கரெட் ஃபெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்பாரை மணந்து, அவருடன் அவ்வாண்டே மானிப்பாய் திரும்பினார். 1873இல் இறுதியாக யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அவர் கையால் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பான்மையோர் தமிழில் கற்றவர்கள்.

இவ்வடைவில் ஆய்வாளர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். தமிழ்வழிக் கல்விக்கு முழுமையாக மாறியது இரண்டாம் முறை வந்தபின், 1864 அளவிலேயாகும். இம்மாற்றத்தின் காரணம் யாது என்பது தமிழ்க் கல்வி வரலாற்றில் தீர்க்கப்பட வேண்டிய வினாவாகும்.

மாற்றம் யாருடையது?

1855இல் மிஷன் சங்கச் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு தென்னிந்தியாவையும் யாழ்ப்பாணத்தையும் பார்வையிட்டது. நாட்டுமொழி வழியே பணி நடைபெற வேண்டும், ஆங்கிலக் கல்விக்குப் பொருள் செலவிடுதல் குறைய வேண்டும் என்பது அக்குழுவின் கொள்கை. அதன் விளைவாக, 1823 முதல் புகழுடன் நடந்துவந்த வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. இதனை மட்டும் நோக்கின், கிறீன் தமிழுக்கு மாறியது மேலிடத்தின் கட்டளையால் விளைந்தது என்று முடிவுகட்டத் தோன்றும்.

ஆனால் கால அடைவு அம்முடிவுக்கு இடந்தரவில்லை. கட்டரின் உடற்கூற்று நூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’, மான்செல்லின் நூலைத் தழுவிய ‘பிரசவ வைத்தியம்’ ஆகிய இரண்டும் 1857இல் அச்சேறிவிட்டன. அத்தகைய நூல்களைப் பெயர்த்தெழுதவும் சொற்களை முடிவு செய்யவும் அச்சிடவும் ஆகும் காலத்தை எண்ணினால், அப்பணி குழுவின் வருகைக்கு முன்னரே கருக்கொண்டிருக்க வேண்டும் எனலாம். மேலும், மிஷனின் நாட்டுமொழிக் கொள்கை சமயப் பரப்புரையையும் அடிப்படைக் கல்வியையும் கருதியது. கிரேயின் விரிவான உடற்கூற்று நூலைத் தமிழாக்க வேண்டும் என்று அக்கொள்கை யாரையும் பணித்ததில்லை.

இவற்றினும் வலிய சான்று 1873க்குப் பிந்திய பதினோராண்டு வாழ்க்கையாகும். உடல்நலங்குன்றித் தாயகம் திரும்பிய கிறீன் கிறீன்ஹில்லில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். ‘கெமிஸ்தம்’ 1875இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. ஊழியக் கடமை முடிந்த ஒருவர், தமிழறிந்தார் எவருமில்லாத ஊரில் அமர்ந்து, கடல்கடந்து வரும் தமிழ்த் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பதைக் கட்டளை என்னும் ஒன்றால் விளக்க இயலாது. அது அவர் தாமே கொண்ட உறுதியின் விளைவாகும்.

அவ்வுறுதியின் உள்ளடக்கத்தையும் கடிதங்களே காட்டுகின்றன. ஆங்கிலத்தில் கற்ற மாணவர்கள் அரசாங்க ஊதியம் நாடித் தம் ஊரை விட்டுச் செல்வதும், நடையுடை பாவனைகளில் தம் மக்களிடமிருந்து விலகுவதும் அவருக்கு உவப்பாயில்லை. தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களிடையே தொழில் செய்வர் என்று அவர் கருதினார். சமயம் பரப்பும் நோக்கம் அவரிடம் இறுதிவரை நீங்கவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. தமிழர்களுக்கு மருத்துவ நற்செய்தியாளராக இருந்தவர் என்னும் குறிப்பே அவர் கல்லறையில் இடம்பெற்றது. தமிழார்வமும் சமய ஆர்வமும் அவருள் ஒன்றாகவே இயங்கின. அவரைத் தமிழ்த்தொண்டராக மட்டும் காட்டுவதும், சமயப் பரப்புநராக மட்டும் காட்டுவதும் ஆவணங்களுக்குப் பொருந்தா.

காலச்சூழலும் இங்கு நினைக்கத்தக்கது. கல்கத்தாவில் நாட்டுமொழி வழி மருத்துவம் கற்பித்த நிறுவனம் 1835இல் மூடப்பட்டு ஆங்கிலவழிக் கல்லூரி நிறுவப்பட்டது. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்தையே மேற்கொண்டது. ஆட்சியாளர் கல்வி ஒரு திசையில் செல்ல, மானிப்பாய் மறுதிசையில் சென்றது. அரசுப் பணிக்கு ஆங்கிலம் இன்றியமையாததாக ஆனபோது, மானிப்பாய் முயற்சி நிலைபெறாமற்போனதற்கு மொழியின் ஆற்றல் காரணமன்று. வேலைவாய்ப்பே காரணம் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

நூற்பெயர்களும் கலைச்சொற்களும்

குடும்பக் கடிதங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. எனவே கிறீனின் தமிழ்ப் பணியின் உள்ளியல்பை அவற்றிலிருந்து முழுமையாக அறிய இயலாது. அதற்கு நூல்களிடமே செல்லவேண்டும். மேற்கூறியவற்றுடன் ட்ரூயிட்டின் அறுவை மருத்துவத்தைத் தழுவிய ‘இரண வைத்தியம்’ (1867), கிரேயின் நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ஹூப்பரின் கைந்நூலைத் தழுவிய ‘வைத்தியாகரம்’ (1872), வாரிங்கின் மருந்தியல் நூலைத் தழுவிய ‘இந்து பதார்த்த சாரம்’ ஆகியவை இவ்வரிசையில் அடங்கும். 1875 அளவில் அருஞ்சொற்றொகுதிகளும் அச்சிடப்பட்டன.

இந்நூற்பெயர்களே சொல்லாக்க நெறியை விளக்கப் போதியவை. ‘அங்காதிபாதம்’ என்பது யாழ்ப்பாணத்து நாட்டு மருத்துவ மரபிலும் வழங்கிய பெயராகும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வழக்கோடு பழகிய தமிழ்ச் செவிக்கு அச்சொல் அயன்மையாய்த் தோன்றாது. உடலை உறுப்பு உறுப்பாக வரிசைப்படுத்திக் கூறும் முறை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ‘இரண வைத்தியம்’ என்பதும் மக்கள் நாவில் முன்னரே இருந்த சொல். இவ்விரண்டும் உள்ள சொல்லுக்குப் புதுப்பொருள் ஊட்டிய முறைக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

‘சுகரணம்’, ‘உற்பாலனம்’ என்பன வடமொழிக் கூறுகளைக் கொண்டு புதிதாக ஆக்கப்பட்டவை. கரணங்கள் நன்கு இயங்கும் முறையை முன்னதும், நன்கு பேணிக்காக்கும் முறையை பின்னதும் குறிப்பதாகக் கொள்ளலாம். ‘கெமிஸ்தம்’ என்பது மூன்றாவது வகை. அயற்சொல்லைத் தமிழ் ஒலிக்கும் ஈற்றுக்கும் ஏற்ப மாற்றியமைத்தது. இரசாயனம் என்னும் சொல் வழக்கிலிருந்தும் அது கொள்ளப்படாமை கருதத்தக்கது. நாட்டு மருத்துவத்தில் இரசாயனம் என்பது ஒருவகை மருந்தையும் காயகற்ப முறையையும் குறித்தமையால், பொருள் மயக்கத்தைத் தவிர்க்கவே வேறு சொல் நாடப்பட்டது என ஊகிக்க இடமுண்டு.

உள்ள சொல்லை எடுத்தல், வடமொழி வழி ஆக்குதல், ஒலிபெயர்த்து இயைத்தல் என்னும் இம்மூன்று நெறிகளும் பிற்காலக் கலைச்சொல் குழுக்கள் அனைத்தும் வாதிட்ட நெறிகளேயாகும். ஒரே வரிசை நூல்களில் மூன்றும் ஒருங்கே கையாளப்பட்டிருப்பது, சொல்தேர்வு கொள்கைப் பிடிவாதத்தால் நிகழாமல் பொருளின் தேவைக்கேற்ப நிகழ்ந்ததைக் காட்டுகிறது.

இங்குத்தான் குடும்ப ஆவணங்கள் விடையளிக்காத வினா எழுகிறது. இருபத்தைந்தாம் வயதில் தமிழ் எழுத்தை முதன்முதல் கற்கத் தொடங்கிய ஒருவர், நாட்டு மருத்துவ வழக்கையும் வடமொழிப் பகுதி விகுதிகளையும் தாமே ஆய்ந்து இச்சொற்களை ஆக்கியிருத்தல் கூடுமா? கூடாது என்பது வெளிப்படை. இச்சொற்களின் பின்னால் தமிழறிந்த பலர் இருந்தனர். கிறீனிடம் பயின்று அவருடன் மொழிபெயர்ப்பில் உழைத்தவர்களாக டான்போர்த், சாப்மன் முதலியோர் பெயர்கள் அறியப்படுகின்றன. பெயர்களைக் காண்போர் இவர்களையும் அமெரிக்கர் என்றே கருதுவர். இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள்.

பெயர் மாறிய முன்னோர்

அமெரிக்க மிஷன் பள்ளிகளில் சேர்ந்த தமிழ்ச் சிறுவர்களின் படிப்புச் செலவை அமெரிக்காவிலிருந்த புரவலர் ஏற்பதும், அப்புரவலரின் பெயரையோ அவர் விரும்பிய ஒருவரின் பெயரையோ சிறுவனுக்கு இடுவதும் வழக்கமாயிருந்தது. தமிழிலக்கிய வரலாற்றில் நாம் அறிந்த பலர் இவ்வாறு இருபெயர் பெற்றவர்களே. ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886) இயற்றிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் எனப்பட்டார். ‘நியாய இலக்கணம்’ (1850) எழுதிய சிதம்பரப்பிள்ளை, நெவின்ஸ் எனப்பட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை, கறல் எனப்பட்டார்.

இவர்கள் தமிழ்ப்பெயரையும் விடாது போற்றியமையால் நாம் இன்று இவர்களை அறிகிறோம். மருத்துவத் துறைக்குச் சென்றவர்களுக்கு அந்நல்வாய்ப்பு எளிதில் அமையவில்லை. மிஷன் அறிக்கைகளிலும் கிறீனின் கடிதங்களிலும் அவர்கள் பெரும்பாலும் புரவலர் பெயராலேயே சுட்டப்படுகின்றனர். அக்கடிதங்களைப் படித்த வூஸ்டர் உறவினர்க்கு அப்பெயர்கள் எளிதில் விளங்கின. மானிப்பாய் வழித்தோன்றல்களுக்கோ அவையே தடையாயின. தம் கொள்ளுப்பாட்டனாரின் தமிழ்ப்பெயரை மட்டும் அறிந்த ஒருவர், அமெரிக்க ஆவணத்தில் அவரை எவ்வாறு கண்டுபிடிப்பார்? ஒரே புரவலர் பெயரை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மாணவர் பெற்றிருப்பின் சிக்கல் இரட்டிப்பாகும்.

சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபக’த்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூட்டார்க்’ (1859) என்னும் நூலுக்குப் பின் தோன்றிய அது, புலவர்களின் ஊரையும் மரபையும் காலத்தையும் கூறித் தமிழில் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்புக்கு வழிகாட்டியது. பாவலர்க்கு அத்தகைய தீபகம் கிடைத்த அதே காலத்தில், அதே மானிப்பாயில், தமிழில் அறிவியல் எழுதிய மருத்துவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செய்யுள் இயற்றியவரையே புலவராகக் கருதிய மரபு, உடற்கூற்றைத் தமிழில் எழுதியவரைப் பதிவு செய்யத்தக்கவராகக் கருதவில்லை. ஆகவே இம்மறதிக்கு அமெரிக்கக் குடும்ப ஆவணத்தின் குறை மட்டும் காரணமன்று. தமிழ்ப் புலமை மரபின் குறையும் காரணமாகும்.

கட்லர் தொகுப்பின் எல்லைகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் 1891ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சான்றாகக் கொள்வோர் மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, அது தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுப்பு. தொகுத்தவர் சமய போதகர். படித்தவர் குடும்ப நண்பர். சமயப் பற்றையும் குடும்பப் பாசத்தையும் காட்டும் பகுதிகள் முதன்மை பெறுவது அத்தொகுப்பின் இயல்பு. சொல்லாக்கத்தில் நிகழ்ந்த விவாதங்கள் வூஸ்டர் வாசகருக்குச் சுவை தருவன அல்ல.

இரண்டாவது, அது பெரும்பாலும் ஒருவர் குரலாகவே ஒலிக்கிறது. மானிப்பாயிலிருந்து சென்றவற்றை வீட்டார் போற்றிவைத்தனர். கிறீனுக்குத் தமிழ் மாணவர் எழுதியவற்றுக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை.

மூன்றாவது, அன்றாடத்தில் பழகிப்போனவற்றைக் கடிதம் எழுதுவோர் எழுதுவதில்லை. புதுமையும் இடரும் எழுதப்படும். நாள்தோறும் அருகிருந்து சொல்லுக்குச் சொல் உதவிய ஆசிரியரைப் பற்றித் தனியே எழுதவேண்டும் என்னும் எண்ணம் தோன்றுவது அரிது. எனவே கடிதத்தில் ஒருவர் பெயர் இல்லாமையை, அவர் பங்கு இல்லாமையாகக் கொள்ளலாகாது.

தமிழர் பக்கத்துச் சான்றுகள்

அமெரிக்கக் கடிதங்களுக்கு இணையாக வைத்து நோக்கத்தக்க சான்றுகள் தமிழர் பக்கத்திலும் உண்டு. நூல்களின் முகப்புத்தாள்களும் முன்னுரைகளும் முதலில் தொகுக்கப்பட வேண்டும். அடுத்து, திருச்சபைகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள். இருபெயர்ச் சிக்கலை அவிழ்க்கும் திறவுகோலாக அமையத்தக்கவை இவையே. அமெரிக்க மிஷன் 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் செய்திகளும் இரங்கற் குறிப்புகளும் மூன்றாவது வகை. ஒல்லாந்தர் காலத் தோம்புகளும், அதன்பின் வந்த காணி உறுதிகளும், சீதன உறுதிகளும் நான்காவது வகை. நிலவுரிமைக்காக எழுதப்பட்ட இவ்வுறுதிகளில் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் தவறாது இடம்பெறும். ஆதலால், மிஷன் ஆவணம் விட்டுவிட்ட தமிழ்ப்பெயரை அவை மீட்டுத்தரக்கூடும். அக்ரஹாரச் செப்பேட்டில் கண்ட அதே இயல்பு இங்குக் கைகொடுக்கிறது எனலாம்.

இவற்றைத் திரட்டும் பணி விரைந்து நிகழ்த்தப்பட வேண்டியதாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் அழிந்தன. பின்னர் நேர்ந்த போர்க்காலத்தில் வீடுகளை விட்டு வெளியேறியோர் பெட்டகங்களில் இருந்த உறுதிகளையும் கடிதங்களையும் இழந்தனர். எஞ்சியவை கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய குடும்பங்களின் கைகளில் சிதறியுள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அச்சிட்ட நூல்களைக் காப்பதில் பெரும்பணி ஆற்றியுள்ளன. அச்சேறாத குடும்ப ஆவணங்களுக்கும் அத்தகைய கவனம் தேவை. கிறீன் குடும்பத்தார் தம் உறவினரின் கடிதங்களை ஏழாண்டுகளில் நூலாக்கினர். அவருடன் உழைத்தவர்களின் குடும்பங்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாய்ப்பு அமையவில்லை.

முடிவுரை

சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்க்கை, குடும்ப ஆவணங்களால் மீட்கப்பட்ட வாழ்க்கையாகும். அவர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறியது மேலிடக் கட்டளையால் அன்று, தாமே கொண்ட உறுதியால் என்பதைக் கடிதங்களும் நூல் வெளியீட்டு ஆண்டுகளும் ஒருங்கே மெய்ப்பிக்கின்றன. இது அக்குடும்ப ஆவணங்கள் தமிழாய்வுக்கு அளிக்கும் கொடையாகும்.

அதே வேளையில், அவர் ஆக்கியனவாகக் கூறப்படும் கலைச்சொற்கள் கூட்டுழைப்பின் விளைவு என்பதை நூல்களின் மொழியே காட்டுகிறது. அக்கூட்டில் இருந்த தமிழர்கள் புரவலர் பெயருக்குள் மறைந்தமையால் இரு மரபின் பதிவுகளிலிருந்தும் நழுவிவிட்டனர். கிறீன் ஒருவரையே முன்னோடியாக நிறுத்தும் வரலாறு, அவர் பெரிதும் விரும்பிய ஒன்றையே, அதாவது தமிழர் தம் மொழியில் தாமே அறிவியல் செய்தலையே, கண்ணிலிருந்து அகற்றிவிடுகிறது. கிறீன் வரிசை நூல்களின் முன்னுரைகளில் காணும் பெயர்களைத் திருச்சபைப் பதிவேடுகளோடும் காணி உறுதிகளோடும் ஒப்பிட்டு, மானிப்பாய் மருத்துவ மாணவர்களின் பெயரடைவு ஒன்றை உருவாக்குதல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.